கிராணியின் புத்தகத்தில் ஏறாத பால்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அனைத்துலக மேம்பாட்டுக் கொள்கை, நிலைத்தன்மை பற்றிய முதுகலைப் படிப்புக்குக் கோலாலம்பூரில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர், பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனையில் குலை வெட்டினார். "இதப் படிச்சு நமக்கு என்னம்மா ஆகப்போகுது?" என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. செம்பனை பற்றி நான் படித்த ஆய்வுகளில் காடு இருக்கிறது, கரிம வாயு இருக்கிறது, ஒராங் ஊத்தான் இருக்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த நாங்கள் இல்லை. நான் போகலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புத் தங்கைக்கு,

போங்கள்.

என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். பால் நிறுக்கும் கொட்டகையில் தோட்டத்துக் கணக்கரான கிராணி புத்தகத்தில் எழுதுவதுதான் கணக்கு. ஒருநாள் அம்மாவின் பெயருக்கு நேரே எழுத விட்டுப்போனது. பாலைத் தொட்டியில் ஊற்றியாகிவிட்டது. கூட வெட்டியவர்கள் சாட்சி சொன்னார்கள். அப்படியும் அன்றைய கூலி வரவில்லை. நீங்கள் படிக்கப்போவது அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான். அதில் எதை எழுதுவது, எதை விடுவது என்று யாரோ முடிவு செய்கிறார்கள்.

நம் நாட்டு வறுமைக் கணக்கையே பாருங்கள். 2016இல் மலேசியாவில் வறுமை 0.4 விழுக்காடு என்றார்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் வந்தால் ஏழை இல்லை என்பது கோடு. 2019 ஆகஸ்டில் வறுமை பற்றிய ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து, இந்தக் கோடு நடைமுறைக்குப் பொருந்தாத அளவு தாழ்ந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். மறு ஆண்டு ஜூலையில் அரசு அதை 2,208 ரிங்கிட்டாக உயர்த்தியது. 2019க்கான வறுமை 5.6 விழுக்காடு, நான்கு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் என்று தெரிந்தது. 2016ஐயே புதிய முறையில் திரும்பக் கணக்கிட்டபோது 0.4 என்றிருந்தது 7.6 ஆனது. அந்த வீடுகளில் ஒரு நாளில் எதுவும் மாறிவிடவில்லை. அதே சோறு, அதே கடன். ஆனால் உதவித் திட்டம் யாருக்குப் போக வேண்டும் என்ற பேச்சு மாறிவிட்டது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

ஆல்ஸ்டன் சொன்ன இன்னொன்றை நாம் அவ்வளவாகப் பேசவில்லை. குடியுரிமை இல்லாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. நம்மவர்கள் விட்டுப்போன லயங்களில் இன்று இருப்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, நிற்பது இப்போது அவர்கள். நாம் விடுபட்டோம் என்று வருத்தப்படும் நாமே அவர்களை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

அப்புறம், லயத்தில் பிறந்தவர்கள் ஆய்வில் ஏன் இல்லை என்ற உங்கள் கேள்வி. பாதிப் பதில் கேள்வித்தாளிலேயே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கி, 2010இலிருந்து ஐநா மேம்பாட்டுத் திட்டத்தோடு சேர்ந்து வெளியிடும் பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் பத்துக் குறிகள் உண்டு. மின்சாரம், குடிநீர், பிள்ளைகளின் பள்ளி என்று போகும். நல்ல கருவிதான், வருமானத்தை மட்டும் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். வீட்டைப் பற்றி அது கேட்பது தரையும் சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்று. வேலை போனால் வீடும் போகுமா என்று கேட்பதில்லை. சிமெண்டுத் தரை, கம்பத்தில் விளக்கு, குழாயில் தண்ணீர் என்று இருந்த தோட்டக் குடும்பம் அந்தக் கேள்விகளைத் தாண்டிவிடும். அறுபது வயதில் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தோட்டத்தில் வாழ்ந்த ஒருவர் கேள்வித்தாள் எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். நீங்கள் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

செம்பனைச் சட்டங்களிலும் இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புச் சட்டம் 2020 டிசம்பர் 31ஐ வெட்டுநாளாக வைத்திருக்கிறது. அதற்குப் பின் காட்டை அழித்த நிலத்திலிருந்து வரும் செம்பனையும் ரப்பரும் அங்கே விற்கக் கூடாது என்கிறது அது. நிலம் எங்கே இருக்கிறது என்று வரைபடப் புள்ளி கொடுக்க வேண்டும், நான்கு ஹெக்டேருக்கு மேல் போனால் எல்லை முழுவதும். உள்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தை மதித்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. காட்டைக் காப்பது சரி, அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது இடம் பெயர்ந்த குடும்பங்களுக்கு எந்த வெட்டுநாளும் யாரும் வைக்கவில்லை. கோலசிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் தொடங்கிய செம்பனைக்கு நூறாண்டு தாண்டிவிட்டது. மரத்தின் கணக்கு ஏக்கர் வாரியாக இருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? சுங்கை சிப்புட்டிலேயே தொடங்குங்கள். தோட்டத்திலிருந்து வெளியேறி இப்போது தாமான் குடியிருப்புகளில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் உங்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் ஆறு மாதம் அலைந்தாலும் திறக்காத கதவு உங்களுக்குத் திறக்கும், பசியாறச் சொல்லி உட்கார வைப்பார்கள்.

முதல் பேட்டியை அப்பாவிடம் எடுங்கள். எந்த வருடம் பேர் பதிந்தார், எந்த வருடம் வீட்டைக் காலி செய்தார், கையில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பழைய சம்பளச் சீட்டு ஏதாவது பெட்டியில் கிடந்தால் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா