.22 ரிவால்வருக்குத் தற்காப்பு நோக்கில் எந்தத் தோட்டா ஏற்றது?

உசிலம்பட்டிப் பக்கம் தோப்பு வீட்டில் தனியே வசிக்கும் தங்கள் தந்தையாரின் உரிமம் பெற்ற .22 ரிவால்வருக்கு எந்தத் தோட்டா வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முனை உருண்ட, 40 கிரெய்ன் (ஏறத்தாழ 2.6 கிராம்) எடையுள்ள திடக் குண்டு கொண்ட .22 எல்ஆர் (லாங் ரைஃபிள் என்னும் வகை) தோட்டாவையே நான் பரிந்துரைப்பேன். முனையில் குழியுள்ள குண்டு பட்டதும் விரிவதற்குத் தேவையான வேகம் ரிவால்வரின் குட்டைக் குழலில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அப்படியே விரிந்தாலும் ஊடுருவும் ஆழம் குறைந்துவிடுகிறது.

குண்டின் வடிவத்தைவிட எனக்குக் கவலை தருவது, தோட்டா வெடிக்குமா என்பதுதான். இவ்வகையில் தீப்பற்றும் மருந்து, பித்தளைக் கூட்டின் அடிப்பக்க விளிம்புக்குள் வளையமாகப் படிந்திருக்கும். அந்த வளையத்தில் மருந்து சேராத இடத்தில் துப்பாக்கியின் ஊசி அடித்தால், விளிம்பில் சிறு பள்ளம் விழுமே தவிர, தோட்டா வெடிக்காது. ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா சுழன்று வந்துவிடும் என்பது பெரிய ஆறுதல். (பயிற்சியின்போது இப்படி நேர்ந்தால், குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி 30 வினாடியாவது காத்திருக்க வேண்டும்.) ஆகவே, வாங்கிய தயாரிப்பில் ஒரு பெட்டியையேனும் பயிற்சிக் களத்தில் சுட்டுப் பார்த்து, ஒன்றிரண்டு வெடிக்காமல் போனாலும் வேறு தயாரிப்புக்கு மாறிவிடுவது நல்லது.

குண்டின்மேல் பூசியிருக்கும் மெழுகில் தோப்பு மணல் எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், தோட்டாக்களைச் சட்டைப்பையில் போட்டுவைக்காமல், பெட்டியோடு பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மதுரைச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழோ காருக்குள்ளோ வைக்கவே வேண்டாம். எண்ணிக்கை உரிமத்தில் குறித்துள்ள அளவைத் தாண்டக் கூடாது.