மனச்சோர்வு, வலிப்பு இரண்டுக்கும் ஒரே குடும்பத்து மருந்தா?

இரண்டும் வேறு வேறு நோயாயிற்றே, ஒரே வகைச் சேர்மம் எப்படி வேலை செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான்.

மூளையில் இருக்கும் காபா (GABA) என்ற வேதிப்பொருள் நரம்புச் செல்களுக்கு ஒரு பிரேக். கர்ப்பக் காலத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனிலிருந்து உடலே தயாரிக்கும் அல்லோபிரெக்னனலோன், அந்த பிரேக்கை இன்னும் நன்றாகப் பிடிக்க வைக்கும். பிரசவமானதும் அதன் அளவு மளமளவென்று இறங்கிவிடும். அதையே 2019-ல் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு மருந்தாக அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் வாயால் சாப்பிட்டால் பெரும்பகுதி ரத்தத்தில் சேராது. 60 மணி நேரம் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு யாரால் முடியும்?

வேதியியலாளர்கள் கைவைத்தது இங்கேதான். அந்த மூலக்கூறின் மூன்றாவது கார்பனில் ஒரு மீத்தைல் தொகுதியை ஒட்டினார்கள். பக்கத்திலுள்ள ஹைட்ராக்சிலை ஆக்சிஜனேற்றம் செய்து உடல் அதை மறுபடி ஹார்மோனாக்க முடியாது. பூட்டுப் போட்ட மாதிரி. கிட்டத்தட்ட அந்த ஒரு மாற்றம்தான் கனாக்சலோன்: சிடிகேஎல்5 என்ற அரிய மரபணுக் குறைபாட்டு வலிப்புக்கு 2022-ல் அனுமதி. இன்னும் சில மாற்றங்கள் செய்த சுரனலோன், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு வாயால் சாப்பிடும் மருந்தாக 2023-ல் வந்தது. இரவில் கொழுப்புள்ள உணவோடு, 14 நாள் மட்டும். தூக்கம் ஆளை அமுக்கும், மாத்திரை போட்டு 12 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. பிரேக் அல்லவா! பொதுவான மனச்சோர்வுக்கு மட்டும் அமெரிக்காவில் அதற்கு அனுமதி தரப்படவில்லை.