ஒரே துணியில் தைத்த மூன்று புத்தகங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்தவுடன் 2013ஆம் ஆண்டின் எங்கள் வீட்டுக் குசினிதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம். மகனுக்கு ஒன்பது வயது. தினமும் இருபது நிமிடம் வீட்டில் வாசிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லி விடுகிறார்கள். அவனோ பேஸ்போல் கதை என்றால் மட்டும் வாசிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். விளையாடுகிற ஆளே எழுதிய புத்தகம் ஏதும் உண்டா, இருந்தால் எனக்கும் விளங்குமா, கனக்கக் காசு செலவாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. ஒரே ஆளின் கதை மூன்று அளவில் கிடைக்கிறது. பெரியவர்களுக்கு ஒன்று, வளர்ந்து வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று, சின்னதுகளுக்குப் படங்களோடு ஒன்று. ஊரில் தீபாவளிக்கு ஒரு பீஸ் துணி எடுத்து அப்பாவுக்கும் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் சட்டை தைப்பார்களே, அந்த மாதிரி. ஆளின் பெயர் ஆர். ஏ. டிக்கி. அமெரிக்காவின் ரென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரத்துக்காரர். 2013 முதல் 2016 வரை நம்முடைய ரொறன்ரோ ப்ளூ ஜேஸ் அணிக்குப் பந்தெறிந்தவர். பந்தெறிகிற ஆளை இங்கே பிட்சர் என்பார்கள். மகனைக் கேட்டால் மூச்சு விடாமல் விளக்குவான்.

புத்தகத்துக்குப் போவதற்கு முதல் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் சரி. முத்தையா முரளிதரனின் முழங்கை உங்களுக்குத் தெரியும். பிறப்பிலேயே முழுதாக நிமிராத கை. 1995ஆம் ஆண்டு மெல்பேணில் அதை எறிதல் என்று நடுவர் சொல்லப்போய் ஊரே கொதித்தது. டிக்கியின் கையிலும் பிறவியிலேயே ஒரு குறை, ஆனால் அது வேறு மாதிரி. பந்தெறிபவர்களின் முழங்கையைத் தாங்கிப் பிடிக்கிற முக்கியமான தசைநார் ஒன்று அவருடைய வலது கையில் இல்லவே இல்லை. இருபத்தொரு வயது வரைக்கும் அது அவருக்கே தெரியாது. 1996இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி புது ஆட்களை எடுக்கிற வருடாந்தத் தெரிவில் அவரை முதற்சுற்றிலேயே எடுத்து 8,10,000 டொலர் தருவதாகச் சொன்னது. அந்த நேரம் ஒரு பத்திரிகை அட்டையில் அவருடைய படம் வந்தது. கை ஏதோ கோணலாகத் தொங்குகிறதே என்று அணியைச் சேர்ந்த ஒருவர் கவனித்தார். சோதித்துப் பார்த்தால் தசைநார் இல்லை. கதவுக் குமிழைத் திருப்பினாலே நோக வேண்டிய கை என்றார்கள் வைத்தியர்கள். கடைசியில் கிடைத்தது 75,000 டொலர். ஒரு புகைப்படத்தால் ஏழு லட்சத்துக்கு மேல் போனது.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேலாகச் சின்ன ஊர்களின் அணிகளிலேயே அலைச்சல். மேலே வருவதும் கீழே விழுவதும். நம்முடைய ஆட்கள் பலர் இங்கே வந்து எஞ்சினியர் படிப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பத்து வருடம் தொழிற்சாலையில் நின்ற கதை மாதிரித்தான். கை இனி வேகத்துக்குச் சரிவராது என்றபோது, 2005இல் பயிற்சியாளர்கள் அவரை நக்கிள்போல் எறிந்து பார்க்கச் சொன்னார்கள்.

நக்கிள்போல் என்றால் என்ன என்று விளங்கினால்தான் மூன்று புத்தகமும் ருசிக்கும். வழமையான பந்து சுழன்றுகொண்டு வரும். இது கிட்டத்தட்டச் சுழலாமலே வரும். பிட்சர் நிற்கிற இடத்துக்கும் துடுப்புக்காரர் நிற்கிற இடத்துக்கும் நடுவில் பதினெட்டரை மீற்றர் இருக்கும். அவ்வளவு தூரத்திலும் அரைச் சுற்று, ஒரு சுற்று, அவ்வளவுதான். சுழற்சி இல்லாததால் பந்தின் தையல் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதைப் பொறுத்துக் காற்று பந்தை அப்படியும் இப்படியும் தள்ளும். போதையில் சைக்கிள் ஓட்டுகிறவன் மாதிரி வரும். எங்கே போகும் என்று எறிந்தவருக்கே தெரியாது. பிடிக்கிற கேச்சர் பாவம், இதற்கென்றே பெரிய கையுறை போட்டுக்கொண்டு நிற்பார். நக்கிள் என்றால் விரல் மொளி. ஆனாலும் டிக்கி பந்தைப் பிடித்தது நகத்தால். அதனால் நகத்தைப் பார்த்துப் பார்த்து ராவி வைத்திருப்பார். கிறிக்கெற்றிலும் இதை வாங்கிக்கொண்டார்கள். 2011 உலகக் கிண்ணத்தில் சகீர் கான் போட்டது ஞாபகம் இருக்கலாம்.

கற்றது லேசில் கைகூடவில்லை. 2006 ஏப்ரலில் ஒரே ஆட்டத்தில் ஆறு ஹோம் ரன் கொடுத்தார். நம்முடைய பாசையில் சொன்னால் ஆறு சிக்சர். இதே பந்தை எறிந்து பழுத்த சார்லி ஹவ், ஃபில் நீக்ரோ, டிம் வேக்ஃபீல்ட் மாதிரி ஆட்களைத் தேடித் தேடிப் போய்க் கேட்டுப் படித்தார். 2012இல் நியூயோர்க் மெட்ஸ் அணியில் 20 ஆட்டம் வென்று, அந்த வருடத்தின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். நக்கிள்போலை நம்பி எறிந்தவர்களில் அந்த விருது வாங்கிய முதல் ஆள் அவர்தான். அப்போது வயது முப்பத்தெட்டு. அடுத்த வருடம் ரொறன்ரோ வந்தார். இங்கே அந்த அளவுக்கு எறிந்தார் என்று சொல்ல மாட்டேன். முதல் வருடம் 14 வெற்றி, 13 தோல்வி. எங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொரு தோல்விக்கும் ரீவியைத் திட்டினார்.

இனிப் புத்தகங்கள். பெரியவர்களுக்கானது ‘வெயர்எவர் ஐ வைண்ட் அப்’. 2012இல் வந்தது. வெய்ன் கோஃபி என்ற பத்திரிகையாளர் எழுதத் துணை நின்றார். தலைப்பிலேயே ஒரு சிலேடை இருக்கிறது. பந்தை எறிய முதல் கையைச் சுழற்றி உடம்பை முறுக்குவதற்கும் வைண்ட் அப் என்றுதான் சொல்வார்கள். கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறோமோ என்றும் அதே சொல்லுக்குப் பொருள். டிக்கி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர். தன் துடுப்பு ஒன்றுக்குப் பழங்காவியத்தில் வருகிற வாளின் பெயரை வைத்த மனிதர் தலைப்பைச் சும்மா வைப்பாரா? மொழி கடினமில்லை. குட்டிக் குட்டி வசனங்கள். ஒரு வருடம் ஆங்கில வகுப்புக்குப் போனபின் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உங்களால் வாசிக்க முடியும்.

ஆனால் இதை மகனின் கையில் கொடுக்க வேண்டாம். இங்கேதான் என்னுடைய குசினிக் கதை வருகிறது.

2013இல் என் மகனுக்குப் பதினொரு வயது. டிக்கி ரொறன்ரோ வருகிறார் என்றதும் புத்தகம் வேண்டும் என்றான். நான் இரவு வேலை முடித்து வந்து, அரைத் தூக்கத்தில், அட்டையில் பேஸ்போல் படம் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஒரு வசனமாவது புரட்டிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து நான் புட்டு அவித்துக்கொண்டு நிற்கிறேன். அவன் வந்து கதவில் சாய்ந்துகொண்டு, “அம்மா, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருகிற ஆட்கள் அப்படியெல்லாம் செய்வார்களா?” என்று கேட்டான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தைக் காட்டினான். எட்டு வயதில், தன்னைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணால் தான் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதை டிக்கி எழுதியிருக்கிறார். தாயின் குடிப்பழக்கம், பதின்ம வயதில் ஆளில்லாத வீடுகளைத் தேடி உள்ளே போய்ப் படுத்தது, மனைவிக்குச் செய்த துரோகம், சாகலாம் என்று நினைத்தது எல்லாம் அதில் இருக்கிறது. ஒளிவு மறைவு இல்லாமல் எழுதிய புத்தகம். பெரிய ஆளாகும் வரைக்கும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விசயங்கள்.

எனக்குக் கை நடுங்கியது. புத்தகத்தைப் பறித்து ஒளிக்கலாமா என்றுதான் முதலில் தோன்றியது. நாங்கள் வளர்ந்த வீடுகளில் இதற்கெல்லாம் ஒரு சொல்கூடக் கிடையாது, உங்களுக்குத் தெரியும். அடுப்பை நிறுத்திவிட்டு இருந்தேன். சிலர் செய்வார்கள், உனக்கு யாராவது அப்படிச் செய்தால் என்னிடம் சொல், உன்னில் பிழை இல்லை என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். “ஓகே அம்மா” என்று அவன் போய்விட்டான். புட்டு இறுகிப் போய்விட்டது. பிழை புத்தகத்தில் இல்லை, பார்க்காமல் கொடுத்த என்னில்தான். ஆனாலும் அந்தக் கதையை நானாகத் தொடங்கியிருப்பேனா என்றால், இல்லை.

ஆகவே பெரியது உங்களுக்கு. மகனுக்கு இரண்டு இருக்கிறது.

நடுவில் உள்ளது ‘த்ரோயிங் ஸ்ட்ரைக்ஸ்’. 2013இல் வந்தது. அதே வாழ்க்கையைப் பிள்ளைகளுக்கென்று திருத்திச் சுருக்கிய பதிப்பு. காணாமல்போன தசைநார், குறைந்துபோன காசு, புதுப் பந்து படித்த கதை எல்லாம் ஒரு பையனுக்குச் சாகசக் கதைதான். 2007இல் மிசூரி ஆற்றை நீந்திக் கடக்கிறேன் என்று இறங்கி, நீரோட்டம் இழுத்துப் போக, செத்துப் பிழைத்தவர் இந்த மனிதர். ஒன்பது வயதுக்கு இந்தப் புத்தகம் கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன். ஒரு வருடம் போகட்டும். கொடுக்க முதல் இதையும் ஒருமுறை நீங்கள் வாசித்துவிடுங்கள். நான் பட்டது போதும்.

இப்போதைக்கு எடுக்க வேண்டியது சின்னது: ‘நக்கிள்போல் நெட்’, 2014. மைக்கல் கருனோஸ் என்பவரோடு சேர்ந்து எழுதியது, படங்கள் டிம் பவர்ஸ். இதில் மனிதர்களே இல்லை, எல்லாரும் பந்துகள். நெட் ஒரு பந்து. பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் போகிறான். மற்றப் பந்துகள் நேராகப் பறக்கும், அழகாக வளையும். இவன் மட்டும் தள்ளாடித் தள்ளாடிப் போவான். அவனால் வேறு விதமாகப் போக முடியாது. ஒரு கூட்டம் சேர்ந்துகொண்டு அவனை ‘நக்கிள்ஹெட்’ என்று கேலி செய்யும். அந்தச் சொல்லை அகராதியில் தேடி மினக்கெடாதீர்கள், நம்முடைய ‘மொக்கன்’தான். கேலியிலேயே அவன் பெயரும் ஒளிந்திருப்பதுதான் பகிடி. முடிவைச் சொல்ல மாட்டேன்.

ஒன்பது வயதுப் பையன், படப் புத்தகமா, நான் என்ன குழந்தையா என்று முதலில் சிணுங்குவான். எழுதியது சை யங் விருது வாங்கிய பிட்சர் என்று சொல்லுங்கள், அடங்கிவிடுவான். எட்டு மாதத்துக்கு முதல் புதுப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த பிள்ளைக்கு அந்தத் தள்ளாட்டம் விளங்கும். யாராவது அவனுடைய ஆங்கிலத்தைப் பார்த்துச் சிரித்தார்களா என்று நேராகக் கேட்டால் சொல்ல மாட்டான். நெட்டைப் பார்த்துச் சிரித்தவர்களைப் பற்றிக் கேட்டால் கதைப்பான்.

காசு பற்றிக் கேட்டீர்கள். ஒரு சதமும் வேண்டாம். ரொறன்ரோ பொது நூலகத்துக்கு நூறு கிளை இருக்கிறது. ஸ்காபரோவில் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்று கிட்டத்தில் இருக்கும். அட்டை இலவசம். உங்கள் பெயரும் முகவரியும் உள்ள கடிதம் ஏதாவது ஒன்றையும், அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். புத்தகம் உங்கள் கிளையில் இல்லாவிட்டால் ‘ஹோல்ட்’ போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், வேறு கிளையில் இருந்தால் எடுப்பித்துத் தருவார்கள். மூன்று கிழமை வைத்திருக்கலாம், வேறு யாரும் கேட்காவிட்டால் நீட்டிக்கவும் முடியும். நாங்கள் வந்த காலத்தில் நாள் பிந்தினால் தண்டம் கட்ட வேண்டும். ஒருமுறை பத்துப் புத்தகத்தைக் கட்டிலுக்குக் கீழே மறந்துபோய், கட்டிய காசில் இரண்டு புதுப் புத்தகம் வாங்கியிருக்கலாம். 2022இல் அந்தத் தண்டத்தை எடுத்துவிட்டார்கள். துலைத்தால் மட்டும் விலை கொடுக்க வேண்டும். அங்கே தமிழ்ப் புத்தகங்களும் இருக்கும், உங்களுக்கென்று இரண்டு எடுத்து வாருங்கள். மகன் வாசிக்கிற இருபது நிமிடம் பக்கத்தில் நீங்களும் வாசித்துக்கொண்டு இருங்கள், போனைப் பார்க்காமல்.

அப்புறம், ஆங்கிலம் குறைவு என்று வெட்கப்பட்டு நெட் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டாமல் விடாதீர்கள். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன். உங்கள் உச்சரிப்பைப் பிடித்துத் திருத்துவான், விழுந்து விழுந்து சிரிப்பான். சிரிக்கட்டும். ‘நக்கிள்’ என்பதில் முதலில் உள்ள ‘கே’ எழுத்தை உச்சரிக்கக் கூடாது, அதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். நான் ‘க்நக்கிள்’ என்று வாசித்து, என் மகன் கலியாணம் கட்டிய பிறகும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.