சிவப்பு எண்ணைப் பார்த்ததும் என்ன செய்வது? கோட் சிக்கல், நகல் கோட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்சிட்டியை எப்படி எண்ணுகிறார்கள்? எவ்வளவு வரை இருக்கலாம்?

பதில்: ஒரு ஃபங்ஷனுக்குள் நுழைந்து வெளியே வர எத்தனை தனித்தனி வழிகள் உண்டு என்ற கணக்குதான் அது. தாமஸ் மெக்கேப் 1976-இல் முன்வைத்தது. கையாலேயே எண்ணலாம்: 1-இல் தொடங்கி, இஃப், ஃபார், வைல், கேஸ், கேட்ச் வரும்போதெல்லாம் ஒன்று கூட்டுங்கள், பெரும்பாலான கருவிகள் நிபந்தனைக்குள் வரும் அண்ட், ஆர் இரண்டுக்கும் கூட்டும். மெக்கேப் சொன்ன எல்லை 10. கோடைச் சோதிக்கும் கருவிகளில், நாமாக மாற்றாவிட்டால், லிசார்டில் 15, இஎஸ்லின்டில் 20. ஆகவே எல்லை எண்ணைப் பற்றி சண்டை போட வேண்டாம். எனக்கு இந்த எண் அதிகம் உதவுவது டெஸ்ட் எழுதும்போதுதான்: 12 என்று வந்தால், எல்லாக் கிளைகளையும் தொட 12 டெஸ்டுக்கு மேல் தேவைப்படாது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கேள்வி: அண்ணா, மாத எண்ணைக் கொடுத்தால் பெயரைத் திருப்பித் தரும் ஒரு சின்ன ஸ்விட்ச் எழுதினேன். 12 கேஸ், அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் 13, எல்லை தாண்டிவிட்டது என்று சிவப்பாகக் காட்டுகிறது. உடைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அப்படியே விடுங்கள். படிக்கிறவருக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. சைக்ளோமேட்டிக் கிளைகளை எண்ணுமே தவிர, ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைந்திருக்கிறதா என்று பார்க்காது. அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் சோனார்சோர்ஸ் நிறுவனம் காக்னிட்டிவ் காம்ப்ளெக்சிட்டி என்ற வேறு அளவைக் கொண்டுவந்தது. அதில் ஒரு ஸ்விட்ச் முழுவதற்கும் 1தான். மூன்று இஃப் வரிசையாக நின்றால் 3, அதே மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால் 1+2+3, அதாவது 6. சைக்ளோமேட்டிக்கில் இரண்டுக்குமே 4. உள்ளே போகப் போக மேலே என்ன நிபந்தனை இருந்தது என்பதை நினைவில் சுமந்துகொண்டே படிக்க வேண்டியிருக்கிறதல்லவா, அந்தச் சுமையை இது கணக்கில் எடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், மாதப் பெயர் ஃபங்ஷன் ஒன்றில் 13, இன்னொன்றில் 1 என்று வரும்போது பதில் கண்ணெதிரே இருக்கும்.

கேள்வி: வரி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாதா சார்?

பதில்: முதல் சல்லடைக்குப் போதும். நீளமான ஃபங்ஷன் பெரும்பாலும் சிக்கலாகவும் இருக்கும். ஆனால் எட்டே வரியில் ஐந்து நிபந்தனையைச் சுருட்டி வைக்கிறவர்களை அது பிடிக்காது.

கேள்வி: எல்லா ஃபங்ஷனும் மாத இறுதிக்குள் 10-க்குக் கீழே வர வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். 340 ஃபங்ஷன் சிவப்பில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தயவுசெய்து பட்டியலின் மேலிருந்து கீழே போகாதீர்கள். அப்படிப் போனால் என்ன நடக்கும் என்றால், ஆளாளுக்கு ஒரு பெரிய ஃபங்ஷனைப் பாதியில் வெட்டி முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று பெயர் வைத்து, ஏழு பாராமீட்டரை இங்கிருந்து அங்கே அனுப்பிவிடுவார்கள், எண் இறங்கிவிடும், ஆனால் படிக்கிறவர் இரண்டு இடத்துக்கு அலைய வேண்டும். இதற்குப் பதில் கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றை எடுங்கள். கடந்த ஓராண்டில் எந்தக் கோப்பு எத்தனை கமிட்டில், அதாவது பதிந்த மாற்றத்தில், மாறியிருக்கிறது என்று எண்ணி, அதைச் சிக்கல் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிக்கலாகவும் இருந்து, அடிக்கடி மாறவும் செய்கிற கோப்புகள் கொஞ்சம்தான் இருக்கும். வேலை அங்கேதான். நான்கு வருடமாக யாரும் தொடாமல் ஒழுங்காக ஓடுகிற சிக்கலான ஃபங்ஷனைத் திருத்துவது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவது. மேலாளரிடம் இந்த இரண்டு நெடுவரிசையையும் காட்டுங்கள், அப்புறம் புதிதாக எழுதும் கோடுக்கு மட்டும் எல்லையை வைக்கலாம் என்று கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ப்ராஜெக்டில் நகல் கோட் 8 சதவீதம் என்று வருகிறது. அதிகமா?

பதில்: எதை எண்ணினீர்கள் என்று முதலில் பாருங்கள். கருவி தானாக உருவாக்கிய கோப்புகளை விலக்கினீர்களா? பிஎம்டி என்ற கருவியோடு வரும், நகலைத் தேடும் சிபிடி போன்றவை கோடை டோக்கன்களாக, அதாவது சொல், குறி என்ற சிறு துண்டுகளாக, உடைத்து ஒப்பிடுகின்றன, குறைந்தது எத்தனை டோக்கன் ஒத்திருந்தால் நகல் என்பதை நீங்கள்தான் சொல்கிறீர்கள். வழக்கமாக 100 வைப்பார்கள், 50 ஆக்கினால் சதவீதம் ஏறும். சோனார்சோர்ஸின் சோனார்க்யூப் கருவியில் இயல்பாக வருகிற விதி, புதிய கோடில் நகல் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது.

சதவீதத்தைவிட எந்த நகல் என்பதுதான் எனக்கு முக்கியம். நான் வேலை செய்த ஓர் இடத்தில் தொகையை முழுமையாக்கும் (ரவுண்டிங்) கணக்கு மூன்று இடத்தில் இருந்தது, பிழை வந்தபோது இரண்டில் திருத்தினோம், மூன்றாவதில் மாறிகளுக்கு வேறு பெயர் இருந்ததால் தேடலில் சிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே பிழை திரும்பி வந்தது. மொத்தமே ஒன்பது வரி. அன்றிலிருந்து மாறிப் பெயர்களைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடும் ஆப்ஷனையும் கருவியில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.

கேள்வி: ஒரே மாதிரி இருந்த இரண்டு ஃபங்ஷனை ஒன்றாக்கினேன். இப்போது அதில் ஐந்து பூலியன் (ஆம்/இல்லை) பாராமீட்டர். தவறு செய்துவிட்டேனா?

பதில்: இது நல்ல எண்ணத்தில் செய்கிற எல்லோருக்கும் நேர்வதுதான். கோட் ஒத்திருந்தது, ஆனால் மாறுவதற்கான காரணம் ஒத்திருக்கவில்லை. உதாரணமாக, விலைப்பட்டியல் விதி மாறும்போது சம்பள விதியும் மாறுமா? மாறாது என்றால் அவை இரட்டையர் இல்லை, தற்செயலாக முகம் ஒத்தவர்கள். இன்னும் ஆறாவது பூலியனைச் சேர்க்காமல், அந்த ஃபங்ஷனை அழைக்கிற ஒவ்வோர் இடத்திலும் அதன் உடலை அப்படியே ஒட்டுங்கள், அந்த இடத்துக்குத் தேவையற்ற கிளைகளை நீக்குங்கள். மிஞ்சுவதில் உண்மையிலேயே பொதுவானது தானாகத் தெரியும். நகல் கோடை ஒன்றாக்க மூன்றாவது நகல் வரும்வரை காத்திருப்பதும் இதனால்தான்.

கேள்வி: 800 வரி ஃபங்ஷன், டெஸ்ட் ஒன்றுகூட இல்லை, எழுதியவரும் இப்போது இல்லை. தொட பயமாக இருக்கிறது அண்ணா.

பதில்: பயம் நியாயமானது. முதலில் உண்மையான உள்ளீடுகள் சிலவற்றைக் கொடுத்து, இப்போது என்ன வெளிவருகிறதோ அதையே எதிர்பார்க்கும் டெஸ்டுகள் எழுதுங்கள். அது சரியா தவறா என்று இப்போது தீர்ப்பு சொல்லாதீர்கள், தவறாகத் தோன்றினால் குறித்து மட்டும் வையுங்கள். அடுத்து, ஃபங்ஷனின் மேலே இருக்கிற நிபந்தனைகளைத் திருப்பிப் போடுங்கள்: ஆர்டர் காலியாக இல்லை என்றால் உள்ளே போ என்பதற்குப் பதில், காலியாக இருந்தால் இங்கேயே ரிட்டர்ன். இதிலேயே இரண்டு மூன்று அடுக்கு கரைந்துவிடும். பிறகு நல்ல பெயர் வைக்க முடிகிற துண்டுகளை மட்டும் வெளியே எடுங்கள், பெயர் கிடைக்காத துண்டை விட்டுவிடுங்கள். ஒரு மாற்றத்துக்கு ஒரு கமிட், ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் ஓட வேண்டும். பிழை திருத்தத்தை இதே கமிட்டில் கலக்கவே கூடாது, கலந்தால் எது உடைத்தது என்று தேடுவதில் ஒரு நாள் போய்விடும். 800 வரியும் ஒரே வாரத்தில் முடிய வேண்டியதில்லை, அடுத்த வேலைக்காக எந்தப் பகுதியைத் தொடப் போகிறீர்களோ அதை மட்டும் இப்போது செய்யுங்கள்.