மொட்டை போட்ட நாளிலிருந்து ஊரே கேள்வி கேட்கிறது

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. 23 வயதிலேயே முன்பக்கம் முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. எண்ணெய், ஷாம்பு, மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டு, நாலு மாதத்துக்கு முன் மொத்தமாக மழித்துவிட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வெளியே போனால் முன்பின் தெரியாதவர்கள்கூட "யார் தவறினாங்க?" என்று கேட்கிறார்கள். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு மலாய்க்காரர் உம்ரா போய்விட்டு வந்தாயா என்றார். லிஃப்டில் ஒரு பெண்மணி என்னைப் பார்த்ததும் கைப்பையை இறுக்கிக்கொண்டார். நகைக்கடையில் காவலாளி பின்னாலேயே வருகிறார். "அப்பா உயிரோட இருக்கும்போது இப்படித் திரியலாமா" என்று அம்மா அழுகிறார். எனக்குப் பெண் வேறு பார்க்கிறார்கள். பேசாமல் விக் வைத்துக்கொள்ளட்டுமா? (பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்)

பதில்: தம்பி, விக் வேண்டாம். "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றிய வரி அது ஒன்றுதான், மற்றதெல்லாம் அடுத்தவர்களைப் பற்றியது. ஆனால் அந்த அடுத்தவர்கள் எல்லாரையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். துக்கம் விசாரிக்கிறவரும் கைப்பையை இறுக்குகிறவரும் ஒன்றா?

நம் ஆட்களுக்கு வழுக்கை வேறு, மொட்டை வேறு. வழுக்கை தானாக விழுவது, மொட்டை போட்டுக்கொள்வது. போட்டுக்கொண்டால் ஒன்று சாமிக்காக இருக்கும், இல்லாவிட்டால் சாவுக்காக இருக்கும். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் சந்தனம் பூசிய தலைகளைப் பார்த்து யாராவது ஏன் என்று கேட்கிறார்களா? அதே தலை ஆகஸ்ட் மாதத்தில் தனியாக நடந்து வந்தால் பெரியவர்களுக்கு உடனே மனசு பதறுகிறது, பாவம், பையன் அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்துவிட்டான் போல என்று. பார்த்தும் கேட்காமல் போவது தப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள்.

என் தம்பிக்குப் புற்றுநோய் வந்து கீமோ கொடுத்த சமயம் தலையில் ஒரு முடி இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தோம். பூக்கடை அம்மா சரம் தொடுத்துக்கொண்டே நிமிர்ந்து அவனைப் பார்த்து, "நேர்த்திக்கடனா கண்ணு?" என்று கேட்டார். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். அப்புறம், "இல்லம்மா, உடம்பு முடியல" என்றான். அந்த அம்மா மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்டது ஒரு முழம் மல்லிகை. அதோடு இன்னொரு முழம் அளந்து வெட்டி, இரண்டையும் சேர்த்து இலையில் மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, நான் நீட்டிய காசை வாங்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். கேள்வி கேட்டவர்கள் யாரும் தன்னை நோகடித்ததில்லை, பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தவர்கள்தான் நோகடித்தார்கள் என்று பிற்பாடு சொன்னான். அதனால்தான் சொல்கிறேன், கேட்கிற அங்கிளிடம் "யாரும் தவறல அங்கிள், முடி கொட்டுச்சு, எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நீளமாக விளக்கத் தேவையில்லை. அதிலேயே அவருக்குப் பாதி நிம்மதி வந்துவிடும்.

உம்ரா கேட்ட மலாய்க்காரரும் அப்படித்தான். ஹஜ், உம்ரா முடிக்கிற ஆண்கள் தலையை மழித்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அதிலும் பினாங்கில், 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழும்பிய காலத்திலிருந்தே தமிழ் முஸ்லிம்கள் வாழ்கிற ஊரில், உங்கள் முகத்தையும் தலையையும் சேர்த்துப் பார்த்து அவர் கேட்டதில் என்ன தப்பு? புனிதப் பயணம் போய் வந்தவர் என்று நினைத்துக் கேட்டிருக்கிறார், அது மரியாதை.

சரி, லிஃப்டுக்கு வருவோம். இது மரியாதை இல்லை, இதை நான் மழுப்பப் போவதும் இல்லை. நம் பையன்களைக் கண்டால் கேங்ஸ்டரோ என்று பார்க்கிற பார்வை இந்த நாட்டில் பல வருடமாக இருக்கிறது. சிறையில் முடியை ஒட்ட வெட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், சினிமாவில் வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கிற அடியாளுக்கும் பாதி நேரம் மொட்டைதான். அவற்றைக் கொண்டுவந்து ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற டெக்னீஷியன் தலையில் வைப்பதை மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? நம் ஆட்களும் இதைச் செய்கிறார்கள், அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. நாளைக்கே உங்களுக்கு முடி வளர்ந்தாலும் அந்தப் பார்வை முழுசாகப் போகாது தம்பி, ஏனென்றால் அது முடியிலிருந்து மட்டும் வருவதில்லை. அதற்குப் பயந்து விக் வாங்கினால் யாரோ ஒருவருடைய தப்புக்கு நீங்கள் காசு கட்டுவதாக ஆகிவிடும்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்காவில் ஆல்பர்ட் மான்ஸ் என்ற ஆய்வாளர் தலையை மழித்த பிறகு, தெரியாதவர்கள் தன்னிடமிருந்து கொஞ்சம் விலகியும் கொஞ்சம் அதிக மரியாதையோடும் நடந்துகொள்வதைக் கவனித்து, அதையே ஆராய்ச்சியாக எடுத்துச் செய்து 2012-இல் வெளியிட்டார். ஒரே ஆளின் படத்தை முடியோடும், கணினியில் முடியை நீக்கியும் ஆட்களிடம் காட்டினார். முடி இல்லாத படத்தில் இருந்தவரை ஆதிக்கத் தோரணை மிக்கவர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம் உயரம் கூடியவர், 13 சதவீதம் பலசாலி என்று மதிப்பிட்டார்கள். கவர்ச்சி கொஞ்சம் குறைவு, வயது கொஞ்சம் அதிகம் என்றும் சொன்னார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் மிகவும் குறைந்த மதிப்பு கிடைத்தது பாதி கொட்டிய தலைக்குத்தான். அதாவது, நாலு மாதத்துக்கு முன்வரை நீங்கள் வைத்திருந்த தலைக்கு.

செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நாலு மாதமாக எப்போதும் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். புதிதாக மழித்த தலைத்தோல் முகத்தைவிட வெளுத்திருக்கும், அதைப் பார்த்துத்தான் நேற்றுப் போட்ட மொட்டை என்று நினைத்து விசாரிக்கிறார்கள். காலையும் மாலையும் தொப்பி இல்லாமல் நடங்கள், நாள் போகப்போக நிறம் ஒன்றாகும். மொட்டை வெயிலில் மட்டும் தொப்பியோ சன்ஸ்கிரீனோ கட்டாயம், இல்லையென்றால் தோல் வெந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மழியுங்கள், அரைகுறையாக வளர்ந்தால்தான் வேண்டுதல் முடித்த தலை மாதிரி தெரியும். தாடி வைத்தால் ஓரம் ஒழுங்காக இருக்கட்டும். முடி வட்ட வட்டமாக உதிர்ந்திருந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம், தோல் டாக்டரைப் பாருங்கள். ரோட்டில் சாதாரண உடையில் யாராவது போலீஸ் என்று சொல்லி நிறுத்தினால், அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி மரியாதையாகக் கேட்கலாம், அது உங்கள் உரிமை.

பெண் வீட்டுக்கு இப்போது எடுத்த படத்தைக் கொடுங்கள். பழைய படத்தைக் கொடுத்துவிட்டு நேரில் மொட்டையோடு போய் நின்றால் ஏமாற்றிவிட்டதாகத்தான் பேசுவார்கள், அது உங்களுக்குத் தேவையில்லாத பெயர். படத்தைப் பார்த்து வேண்டாம் என்கிற வீட்டில் உங்களுக்கு நேரம் வீணாகவில்லை.

அம்மா விஷயம்தான் பெரிசு. தகப்பன் இருக்கும் பிள்ளை கோயிலுக்கு அல்லாமல் மொட்டை போடக்கூடாது என்பது பல வீடுகளில் இன்னும் இருக்கிற நம்பிக்கை. அவர் அழுவது உங்கள் தலைக்காக இல்லை, உங்கள் அப்பாவின் ஆயுசுக்காக. அதை மூடநம்பிக்கை என்று சொல்லி வாயடைக்காதீர்கள். அப்பாவையே பேசச் சொல்லுங்கள், "நான் கல்லு மாதிரி இருக்கேன், புள்ள நல்லாத்தான் இருக்கான்" என்று அவர் சொன்னால் அம்மா கேட்பார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போங்கள், அம்மாவும் வரட்டும். மூன்று பேரும் சேர்ந்து நின்று மீன் பேரம் பேசுகிற இடத்தில் யாரும் வந்து யார் தவறினாங்க என்று கேட்கப் போவதில்லை.