ஏற்றத்தில் தடுமாறும் மொறிஸ் மைனர்

வாசகர் கேள்வி – பதில்: வாகனப் பராமரிப்பு

கேள்வி: என்னிடம் 1960களில் வந்த மொறிஸ் மைனர் 1000 கார் உள்ளது. நகருக்குள் குறையின்றி ஓடும் அது, நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது அக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு கணம் தயங்கி, பிறகு வெட்டி வெட்டி மிஸ் அடிக்கிறது. கராஜில், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரை இருமுறை கழற்றிக் கழுவியும் பயனில்லை. புதியது வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஒரே பாகத்தை இருமுறை கழுவியும் குறை அப்படியே இருக்கிறதென்றால், அது வேறிடத்தில் இருக்கிறது என்று சந்தேகிப்பதே முறை.

ஏற்றத்தில் இழுவை படிப்படியாகக் குறைந்து, சிறிது நேரம் நிறுத்திவைத்த பின் மீண்டும் வருமானால், பெற்றோல் போதிய அளவு வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். அப்போது வடிகட்டியையும் தாங்கியின் அடியிலுள்ள கசடையும் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் ஓடாமல் நின்ற கார்களின் தாங்கிகளில் பிடித்த துரு இன்னும் சிலருக்குத் தொல்லை தரக்கூடும். சாவியைத் திருப்பியதும் டக் டக் என்று அடித்து, காபரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் ஓய வேண்டிய மின்சாரப் பம்ப் ஓயாமல் அடித்தால், அது காற்றை இழுக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதுபோல் வெட்டி வெட்டித் தடுமாறுவது பெரும்பாலும் தீப்பொறிக் குறையின் அடையாளம். பாரம் ஏறி அக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் தீப்பொறி பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பாய அதிக வோல்ற்றளவு வேண்டும். சமதரையில் சமாளித்த பலவீனமான தீப்பொறி ஏற்றத்தில் தோற்றுப்போவது இதனால்தான்.

ஆகவே பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாருங்கள். அதனுள் மின்னோட்டத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பொயிண்டின் இடைவெளி 0.38 மில்லிமீற்றரும் பிளக் இடைவெளி 0.64 மில்லிமீற்றரும் இருக்க வேண்டும். பொயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால், பொயிண்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். அது சூடேறிய பின்பே கெடுதல் செய்யும் இயல்புடையது. புதிதாக வாங்கிய மலிவான கண்டென்சர் பழையதைவிட மோசமாக இருப்பதும் உண்டு என்பதால், கழற்றியதை உடனே வீசிவிட வேண்டாம். அடுத்ததாக, பொயிண்டுக்குச் செல்லும் சிறிய வயரைப் பாருங்கள். அக்சிலரேட்டர் திறக்கும்போது வெற்றிட விசையால், பொயிண்ட் பொருத்திய உள்தட்டு சற்றுத் திரும்பும். அதனோடு சேர்ந்து வருடக்கணக்கில் வளைந்து நிமிர்ந்த வயர், மேலுறை முழுதாக இருக்க உள்ளே அறுந்துவிடும். நின்ற நிலையில் சோதித்தால் குறையே தெரியாது என்பதால், பல கராஜ்களில் இதைத் தவறவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். இந்தக் கார்கள் பற்றறியின் நேர்முனையைப் பாடியில் இணைத்த நிலையில் வந்தவை. பின்னாளில் எதிர்முனைக்கு மாற்றியவர்கள், தீப்பொறிக்கான உயர் வோல்ற்றளவைத் தரும் கொயிலின் இரு சிறிய வயர்களை இடம் மாற்றாமல் விட்டிருந்தால், கார் ஓடும், ஆனால் பிளக்குக்குக் கூடுதல் வோல்ற்றளவு தேவைப்படும். ஏற்றத்தில் அந்தக் குறை வெளிப்படும்.

அழுத்தியவுடன் வரும் அந்த ஒரு கணத் தயக்கத்துக்கு மட்டும் காபரேட்டர் காரணமாக இருக்கலாம், அதுவும் கழுவித் தீராத காரணம். இந்தக் காரிலுள்ள எஸ்.யூ. வகைக் காபரேட்டரின் மேல்மூடியைத் திருகி எடுத்து, உள்ளே ஒயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயில் இல்லையேல் காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் மிக விரைவாக உயர்ந்து, கலவையில் காற்று மிகுந்து, என்ஜின் தடுமாறும். மெல்லிய என்ஜின் ஒயில் ஊற்றி மூடியைச் செருகும்போது கையில் சிறு தடை தெரிய வேண்டும். கழுவியவர்கள் ஒயிலைத் திரும்ப ஊற்ற மறந்திருக்கக்கூடும்.

நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கு காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே இழுவை ஓரளவு குறைவது இயல்பே. கொழும்பில் ஒழுங்குபடுத்திய கார் இங்கே பெற்றோல் மிகுந்து பிளக்கில் கரி பிடிக்கச் செய்யலாம். காபரேட்டரில் பெற்றோல் வெளிவரும் ஜெட்டின் அடியிலுள்ள அறுகோண நட்டை ஒவ்வொரு முகமாக மேலே திருகினால் கலவையில் பெற்றோல் குறையும். இதைத் தீப்பொறியைச் சரிசெய்த பின்பே செய்யுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் தீராவிட்டால் சிலிண்டர்களின் கம்ப்ரெஷனை (உள்ளழுத்தத்தை) அளக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் குறைந்திருந்தால் அவற்றின் மேல் அடைப்பாக இருக்கும் ஹெட் காஸ்கெட்டும், ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் வால்வும் காரணமாகும். அச்சிலிண்டரில் சிறிது ஒயில் விட்டு அளக்கையில் எண் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் பழைய பெற்றோல் வான் மழைக்காலக் காலைகளில் மட்டும் மிஸ் அடித்து, பிறகு தானே சரியாகிவிடுகிறது. காரணம் என்ன?
– வாசகர், பண்டாரவளை

பதில்: ஈரம். இருட்டிய பின் என்ஜினை ஓடவிட்டு, திறந்த வெளியில் பொனெற்றை உயர்த்தி, பிளக் வயர்களின் மீது சிறிது நீர்த்துளி தெளித்துப் பாருங்கள். நீலப் பொறி ஓடும் இடம் கண்ணுக்குத் தெரியும். கையால் தொட வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் மெல்லிய கரிக்கோடு இருந்தால், துடைத்தாலும் அது திரும்ப வரும். மூடியை மாற்றுவதே வழி. வயர்களை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றாமல், ஒன்றை எடுத்து அதற்குரியதைப் பொருத்திய பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.