மூன்று வளையங்களை அளந்து வைரஸ் ஜீனோமைப் படிப்பது எப்படி?

கேள்வி: நுண்ணுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு, அடினோ வைரஸ் பற்றி ஃபிலிப் ஷார்ப் குழு 1977-இல் வெளியிட்ட கட்டுரையை எடுத்திருக்கிறேன். அதிலுள்ள எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் நெளிந்த கோடும் மூன்று வளையங்களும்தான் தெரிகின்றன. இதை வைத்து ஜீனோமில் இன்ன இடம் என்று எப்படிக் குறித்தார்கள்? படத்தை நானே அளந்து காட்ட முடியுமா? எங்கள் துறையிலேயே இதைச் செய்து பார்க்கலாமா?

பதில்: தாராளமாக அளந்து காட்டலாம். செமினாரின் மையமாகவே அதை வையுங்கள். ஆனால் ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: இந்தப் படம் நீளத்தை மட்டும்தான் தரும். எந்த ஜீன், எது தொடக்கம், எது முடிவு என்பதெல்லாம் அதில் இருக்காது. நீளம் வரைபடமாக மாற வேண்டுமானால், எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு முனை வேண்டும்.

அடினோ வைரஸ் 2-இன் ஜீனோம், அதாவது முழு மரபுத் தொகுப்பு, சுமார் 36,000 பேஸ் ஜோடி (டி.என்.ஏ ஏணியின் படிகள்) நீளமுள்ள நேர்கோட்டு டி.என்.ஏ. நுண்ணோக்கியில் இரண்டு முனைகளும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் டி.என்.ஏ-வைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் ஈகோஆர்-1 என்சைமால் வெட்டி, இடது முனையிலிருந்து ஏறக்குறைய 59-ஆம் அலகு வரை வரும் பெரிய துண்டை எடுத்துக்கொண்டார்கள். முழு ஜீனோமை 100 அலகாக வைத்தால் ஓர் அலகு சுமார் 360 பேஸ் ஜோடி. அந்தத் துண்டின் ஒற்றை இழையோடு, வைரஸின் மேலுறையிலுள்ள ஹெக்ஸான் புரதத்துக்கான மெசஞ்சர் ஆர்.என்.ஏ-வை (புரதம் செய்வதற்கான ஜீனின் நகல்) சேர்த்தார்கள். ஹெக்ஸானின் முக்கியப் பகுதி 52-ஆம் அலகுக்குச் சற்று முன் தொடங்கி, வெட்டிய இடத்தையும் தாண்டிப் போகிறது. ஆகவே படத்தில் நீளமான தடித்த பகுதி எந்த முனையை ஒட்டி இருக்கிறதோ, அதுதான் துண்டின் வலது முனை. படம் கண்ணாடி பிம்பமாக அச்சாகியிருந்தாலும் கவலையில்லை. இழை நெடுக வரும் வரிசைதான் முக்கியம்.

தடிமனை நன்றாகக் கவனியுங்கள். ஆர்.என்.ஏ-வும் டி.என்.ஏ-வும் இணைந்த இடம் தடிப்பாக, வழுவழுவென்று ஓடும். இணையாத ஒற்றை இழை மெல்லியதாக, முறுக்கிக்கொண்டு கிடக்கும்.

இனி வளையங்கள். ஆர்.என்.ஏ-வின் தொடக்கத்தில் உள்ள சிறு பகுதி, ஹெக்ஸானுக்குப் பக்கத்து டி.என்.ஏ-வோடு சேராமல் வாலாக நீட்டிக்கொண்டிருந்ததுதான் முதல் புதிர். மறுமுனையிலும் ஒரு வால் இருந்தது, ஆனால் அதற்குப் பாலி-ஏ (ஆர்.என்.ஏ-வின் கடைசியில் பிறகு சேர்க்கப்படும் ஏ எழுத்துகளின் வரிசை) என்ற விளக்கம் ஏற்கெனவே கையில் இருந்தது. தொடக்க வாலுக்கு விளக்கமே இல்லை. மேலே சொன்ன, இடப்பக்கம் நீண்டிருக்கும் டி.என்.ஏ துண்டைக் கொடுத்ததும், அந்த வால் 16.8, 19.8, 26.9 ஆகிய அலகுகளில், மூன்று இடங்களில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு நீளமான நூலில் தள்ளித் தள்ளி உள்ள இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் பிடித்தால் இடையிலுள்ள நூல் வளையமாகத் தொங்கும் அல்லவா, அதே கதைதான். வளையமாகத் தொங்கும் டி.என்.ஏ-க்கு அந்த ஆர்.என்.ஏ-வில் இணை கிடையாது. ஸ்ப்ளைசிங், அதாவது இடைப்பகுதிகளை வெட்டி நீக்கி ஆர்.என்.ஏ-வின் மீதித் துண்டுகளை ஒட்டுவது, கண்ணால் பார்க்கக் கிடைத்தது இப்படித்தான். அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் லூயிஸ் சோ, தாமஸ் புரோக்கர், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவினரும் அதே ஆண்டு இதையே கண்டார்கள். 1993-இல் நோபல் பரிசு ஷார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் கிடைத்தது. படங்களை எடுத்து அளந்தவர்களில் சூசன் பெர்கெட், கிளேர் மூர், லூயிஸ் சோ ஆகியோரின் பெயர்களை நீங்கள் செமினாரில் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்த மூன்று எண்களோடு ஹெக்ஸானின் முக்கியப் பகுதி தொடங்கும் 51.7-ஐயும் சேர்த்து, அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பாருங்கள்: வளையங்கள் முறையே சுமார் 3, 7, 25 அலகு வரும். பேஸ் கணக்கில் ஏறக்குறைய 1,000, 2,500, 9,000. இமேஜ்-ஜே மென்பொருளில் படத்தைத் திறந்து, உடைந்த கோட்டுக் கருவியால் ஒவ்வொரு வளையத்தையும் வரைந்து நீளம் எடுங்கள். மைக்ரானாக மாற்றாதீர்கள், விகிதம் மட்டும் போதும். உப்பு, ஃபார்மமைடு அளவு மாறினாலே இழையின் நீளம் மாறிவிடும் என்பதால்தான், அந்தக் காலத்தில் அளவு தெரிந்த ஃபை-எக்ஸ் 174 என்ற பாக்டீரியா வைரஸின் டி.என்.ஏ வட்டங்களை மாதிரியிலேயே கலந்து ஒப்பிட்டார்கள். ஒரே மூலக்கூறு என்பதால் உங்கள் விகிதம் கொஞ்சம் தள்ளித்தான் வரும். கட்டுரையிலுள்ள எண்கள் பல மூலக்கூறுகளின் சராசரி. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்த மூலக்கூறுகளைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

உங்கள் துறையில் செய்யலாமா என்றால், நான் பரிந்துரைக்க மாட்டேன். வெறும் டி.என்.ஏ 2 நானோமீட்டர் தடிமன்தான், நுண்ணோக்கியில் சரியாகத் தெரியாது. 1959-இல் கிளைன்ஷ்மிட் வழிகாட்டியபடி சைட்டோகுரோம் சி புரதத்தோடு கலந்து நீர்ப்பரப்பில் படலமாக விரித்து, கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் சிறு உலோக வலை) எடுத்து, தாழ்ந்த கோணத்தில் சுழற்றியபடி பிளாட்டினம் கலந்த உலோக ஆவி பூச வேண்டும். ஒற்றை இழை சுருண்டுவிடாமல் இருக்க ஃபார்மமைடு தேவை. அது கருவைப் பாதிக்கக்கூடிய பொருள். சாயமேற்றும் யுரேனைல் அசிட்டேட் நச்சுத்தன்மையும் கதிரியக்கமும் உள்ளது. ஜீனோம் வரைபடம் மட்டுமே வேண்டுமென்றால் இன்று சீக்வென்சிங் போதும். ஒவ்வொரு பேஸும் தெரிந்துவிடும். டி.என்.ஏ இரட்டிப்பாகும்போது கிளைக்கும் இடத்தின் வடிவத்தைப் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு இந்த முறை இன்னும் கைகொடுக்கிறது. அப்படி ஒரு ஆய்வு கையில் இருந்தால், பூச்சுக் கருவியும் பழகிய ஆளும் உள்ள நுண்ணோக்கி மையத்தை உங்கள் வழிகாட்டி மூலம் அணுகுங்கள்.